மாற்று குவாட்டர்பேக் முதல் ஆட்டத்தில் ஏன் சரிகிறார்: பயிற்சியா, திட்டமா, கையா?

நாலாம்கால்

அமெரிக்கக் கால்பந்து, என்எஃப்எல் லீக். 2025 நவம்பர் 16, கிளீவ்லாண்ட். பிரவுன்ஸ் 16-10 என முன்னிலையில் இருக்கும்போது அதன் குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) டில்லன் கேப்ரியல் தலையில் அடிபட்டு வெளியேறினார். இரண்டாம் பாதிக்கு ஷடூர் சாண்டர்ஸ் இறங்கினார். 16 பாஸ் வீசினார், 4 மட்டும் பிடிபட்டன. 47 யார்டு, ஒரு இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்த பாஸ்). ரேவன்ஸ் 23-16 என ஜெயித்துவிட்டது.

அடுத்த ஞாயிறு லாஸ் வேகஸில் ரெய்டர்ஸுக்கு எதிராக அதே சாண்டர்ஸ் 20-க்கு 11 (20 வீசி 11 பிடிபட்டன), 209 யார்டு, 24-10 வெற்றி. ஆள் அதே ஆள், இடையில் ஏழே நாள். முதல் ஆட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு "இவன் தேறமாட்டான்" என்று எழுதித் தள்ளியவர்கள் ஏராளம். என்எஃப்எல்லில் மாற்று குவாட்டர்பேக் முதல்முறை இறங்கும்போது உண்மையில் எது உடைகிறது? ஆட்டம் தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஹட்டில்_ரவி

முதல்ல பயிற்சி வாரம் எப்படி ஓடுதுன்னு புரிஞ்சுக்கணும். பாதி விடை அங்கேயே இருக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்னா புதன், வியாழன், வெள்ளி மூணு நாள்தான் உருப்படியான பயிற்சி. பெரும்பாலான அணிகள்ல புதன்கிழமை முதல், இரண்டாம் டவுனுக்கான ஆட்டங்கள் (டவுன்னா 10 யார்டு நகர்த்தக் கிடைக்கிற நாலு முயற்சியில ஒண்ணு; ஆட்டம்னா இங்க ஒரு முயற்சிக்கான பிளே). வியாழன் மூணாம் டவுன். வெள்ளி, கடைசி 20 யார்டுக்குள்ள ஓடற ஆட்டங்கள். சனிக்கிழமை நடந்தே பார்க்கிறதோட சரி. இந்த மூணு நாள்லயும் முதல் அணியோட ரெப் (பயிற்சியில ஆடிப் பார்க்கிற வாய்ப்பு) கிட்டத்தட்ட மொத்தமும் ஸ்டார்ட்டருக்கே போயிடும். நம்ம மாற்று ஆள் அந்த நேரத்துல ஸ்கவுட் டீம்ல நிக்கிறார். அதாவது, வரப்போற எதிரணியோட ஆட்டத்தை அட்டையில படமா வரைஞ்சு காட்டுவாங்க, அதைப் பார்த்து தன் அணியோட டிஃபென்ஸுக்கு எதிரா வீசணும். வாரம் பூரா அவர் பழகுறது வேற அணியோட ஆட்டத்தை!

அதனால சொந்த அணியோட நம்பர் ஒன் ரிசீவர் கர்ல் ரூட்ல (ரூட்னா ரிசீவர் ஓடற பாதை) 12 யார்டு ஓடித் திரும்பும்போது எந்த நொடியில திரும்புவான்னு இவருக்குக் கண்ணால தெரியும், காலுக்குத் தெரியாது. அஞ்சு காலடி பின்வாங்கி, பின்னங்கால் ஊன்றின உடனே பந்து கையை விட்டுப் போகணும். ரிசீவர் திரும்புறதைப் பார்த்துட்டு வீசினா அரை நொடி தாமதம். அந்த அரை நொடியில கார்னர்பேக் (ரிசீவரைக் காவல் காக்கிறவன்) நாலஞ்சு யார்டு மூடிடுவான்.

2011 தொழிலாளர் ஒப்பந்தத்துக்கு அப்புறம் சீசன் முழுக்கப் பேட் மாட்டிப் பண்ற பயிற்சி 14 தடவைதான். 2021-ல 17 ஆட்ட சீசன் வந்தப்போ ப்ரீசீசன் நாலுலேருந்து மூணாச்சு. மாற்று ஆளுக்கு நிஜ வேகத்துல பழக இருந்த கொஞ்ச இடமும் இப்படித்தான் குறைஞ்சுபோச்சு.

பஃபலோபக்கம்

ரவி சொல்றது சரிதான், ஆனா அது மட்டுமே காரணம்னா நேதன் பீட்டர்மேனை எப்படி விளக்குவீங்க?

2017 நவம்பர் 19, சார்ஜர்ஸ் மைதானம். பில்ஸ் அப்போ 5 வெற்றி, 4 தோல்வி. டைராட் டெய்லரைப் பெஞ்சுக்கு அனுப்பிட்டு, டிராஃப்ட்டுல அஞ்சாம் சுற்றுல எடுத்த ரூக்கி (முதல் வருஷ ஆள்) பீட்டர்மேனை ஸ்டார்ட்டரா அறிவிச்சார் பயிற்சியாளர் ஷான் மெக்டெர்மட். காயம் இல்ல, கடைசி நேர மாற்றம் இல்ல. புதன், வியாழன், வெள்ளி எல்லா ரெப்பும் அவருக்குத்தான். முடிவு: 14-க்கு 6, 66 யார்டு, முதல் பாதிக்குள்ளேயே 5 இன்டர்செப்ஷன். 54-24 தோல்வி. அந்த சீசன் பூரா டெய்லர் கொடுத்தது மொத்தமே 4 இன்டர்செப்ஷன். அடுத்த வாரமே டெய்லர் திரும்பி வந்து கேன்சஸ் சிட்டியில 16-10 ஜெயிச்சார், பில்ஸ் 9-7 முடிச்சு 17 வருஷ வறட்சிக்கு அப்புறம் பிளேஆஃப் போச்சு.

ஒண்ணு சொல்லணும். முதல் இன்டர்செப்ஷன் ஃபுல்பேக் பேட்ரிக் டிமார்கோ கையில பட்டு எகிறின பந்து, கோரி டூமர் பிடிச்சு 59 யார்டு ஓடி டச் டவுன் போட்டார். அதைப் பீட்டர்மேன் தலையில முழுசா கட்ட முடியாது. ஆனா மிச்சம் நாலு?

கவர்மூணு

பீட்டர்மேன் விஷயத்தில் எதிரணி யார் என்பதைப் பார்க்க வேண்டும். சார்ஜர்ஸின் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் கஸ் பிராட்லியின் டிஃபென்ஸ். கவர் 3 தான் அதன் அஸ்திவாரம், பெரிய மறைப்பெல்லாம் இல்லை. ஒரு சேஃப்டி (கடைசித் தற்காப்பாளர்) நடுவில் ஆழத்தில், இரண்டு கார்னர்கள் ஓரத்தில் ஆழமாக, நாலு பேர் கீழே. எதைக் காட்டுகிறார்களோ அதையே ஆடுவார்கள். புதியவருக்குப் படிக்க எளிது, வீசக் கடினம். ஏனென்றால் எல்லா டிஃபெண்டரும் குவாட்டர்பேக்கின் கண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் நகர்வார்கள். மேன் கவரேஜில் (ஒருவருக்கு ஒருவர் என ஒட்டிக் காப்பது) டிஃபெண்டரின் முதுகு குவாட்டர்பேக்குக்குத் தெரியும். இதில் எல்லாருடைய முகமும் தெரியும்.

இந்த டிஃபென்ஸுக்கு எதிராகத் தேவை இரண்டு. ஒன்று, சேஃப்டியைக் கண்ணால் ஒரு பக்கம் இழுத்துவிட்டு மறுபக்கம் வீசுவது. இரண்டு, பந்தின் வேகம். பீட்டர்மேனின் கை சராசரிக்குக் கீழே, அதை ஈடுகட்ட அவர் சீக்கிரம் வீச வேண்டும். ஜோயி போசாவும் மெல்வின் இங்ரமும் இரண்டு ஓரத்திலிருந்தும் வந்துகொண்டிருந்தார்கள். அடி ஊன்ற இடமில்லாமல், உடல் எடையை முன்னால் போட முடியாமல் வீசிய பந்து மிதக்கும். மிதக்கும் பந்துக்குக் காத்திருப்பதில் கேசி ஹேவர்ட் கெட்டிக்காரர், அன்று இரண்டு எடுத்தார்.

ஆகவே என் கணக்கில் பயிற்சி ரெப் அவசியம், போதுமானது அல்ல. அவரிடம் இல்லாததைக் கேட்கும் எதிரணியைத் தேர்ந்து அறிமுகம் செய்தது பயிற்சியாளர் தவறு.

நாலாம்கால்

பாஸர் ரேட்டிங் (குவாட்டர்பேக்கின் வீச்சை ஒரே எண்ணாகச் சுருக்கும் கணக்கு) எண்களை எப்படி எடுத்துக்கொள்வது? பீட்டர்மேன் 17.9, சாண்டர்ஸ் 13.5 என்று இருக்கிறது. பீட்டர்மேன் அஞ்சு கொடுத்தும் ஒன்று கொடுத்தவரைவிட மேலே இருக்கிறாரே?

எண்கணக்கன்

சூத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். நான்கு பகுதி. பிடிபட்ட விகிதத்தில் 0.3 கழித்து 5-ஆல் பெருக்கு. ஒரு பாஸுக்கான யார்டில் 3 கழித்து 0.25-ஆல் பெருக்கு. டச் டவுன் விகிதத்தை 20-ஆல் பெருக்கு. இன்டர்செப்ஷன் விகிதத்தை 25-ஆல் பெருக்கி 2.375-லிருந்து கழி. ஒவ்வொரு பகுதியும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது, 2.375-க்கு மேலே போகாது. நான்கையும் கூட்டி 6-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ரேட்டிங்.

பீட்டர்மேனின் இன்டர்செப்ஷன் பகுதி பூஜ்யத்தில் முட்டி நின்றுவிடுகிறது. 14 பாஸில் 2 கொடுத்திருந்தாலும் அதே பூஜ்யம்தான். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது இன்டர்செப்ஷனுக்குச் சூத்திரத்தில் தண்டனையே கிடையாது. சாண்டர்ஸுக்கோ பிடிபட்ட விகிதமும் யார்டும் பூஜ்யம் ஆகிவிட்டன. ஒரே இன்டர்செப்ஷன் என்பதால் அந்தப் பகுதியில் கிடைத்த 0.8125 மட்டும் 13.5 ஆகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். ஆட்டம் முழுக்க ஒவ்வொரு பந்தையும் ஆளில்லாத இடத்தில் தரையில் அடித்தால் 2.375-ஐ 6-ஆல் வகுத்து 39.6 வரும். பீட்டர்மேன், சாண்டர்ஸ் இருவருமே அதற்குக் கீழே. 2019 செப்டம்பரில் ஜயன்ட்ஸுக்கு எதிராக கேஸ் கீனமுக்குப் பதில் இறங்கி 17-க்கு 9, 107 யார்டு, 3 இன்டர்செப்ஷன் கொடுத்த டுவெய்ன் ஹாஸ்கின்ஸ் 32.8, அவரும் கீழேதான். முதல் ஆட்டத்தில் மாற்று ஆளுக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம் பந்தைத் தூக்கி வெளியே போடுவது என்பதற்கு இந்த 39.6 போதும்.

மணி_டிஃபென்ஸ்

எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்றேன். மாற்று ஆள் வர்றான்னு தெரிஞ்சதும் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் என்ன பண்ணுவார்?

கவர் 0 முதல்ல. ஆழத்துல சேஃப்டியே இல்லாம எல்லாரையும் மேன்ல விட்டுட்டு ஏழு பேரை அனுப்புவார். தடுக்க அஞ்சு லைன்மேன், ஒரு ரன்னிங் பேக், மொத்தம் ஆறு. ஒருத்தன் எப்பவும் தடையில்லாம வருவான். அவனைத் தடுக்க ஆளில்ல, குவாட்டர்பேக்கோட பாஸ்தான் தடுக்கணும். ரெண்டு, ரெண்டரை நொடிக்குள்ள ஹாட் ரூட்டுக்கு (அவசரத்துக்குன்னு வெச்ச குட்டைப் பாதை) பந்து போயாகணும். 2021 நவம்பர் 7-ல பேக்கர்ஸோட மாற்று ஆள் ஜோர்டன் லவ் முதல் ஸ்டார்ட்டுல, கேன்சஸ் சிட்டியோட கோஆர்டினேட்டர் ஸ்டீவ் ஸ்பக்னுவோலோ திரும்பத் திரும்ப இதைத்தான் பண்ணார். ஸ்டார்ட்டர் ஏரன் ராஜர்ஸுக்குக் கோவிட்னு புதன்கிழமைதான் தெரிஞ்சுது. லவ் 34-க்கு 19, 190 யார்டு, ஒரு டச் டவுன், ஒரு இன்டர்செப்ஷன். பேக்கர்ஸ் 13-7 தோல்வி. பிளிட்ஸுக்கு (கூடுதல் ஆளை அனுப்புற தாக்குதல்) பதில் திட்டத்துலயே இல்ல, தப்பு என்மேலதான்னு பேக்கர்ஸ் பயிற்சியாளர் மேட் லஃப்ளூர் ஆட்டம் முடிஞ்சதும் ஒத்துக்கிட்டார். அந்த நேர்மையைப் பாராட்டணும். அதே லவ் 2023-ல 32 டச் டவுன், 11 இன்டர்செப்ஷன்.

ரெண்டாவது இன்னும் கொடுமையானது. சிமுலேட்டட் பிரஷர். லைன்ல ஆறு பேர் நிப்பாங்க. குவாட்டர்பேக் ஆறு பேரும் வர்றாங்கன்னு எண்ணி, ஹாட் ரூட்டை மனசுல வெச்சுக்குவார். ஸ்னாப் ஆனதும் (பந்து குவாட்டர்பேக் கைக்கு வந்ததும்) நாலு பேர்தான் வருவாங்க, ரெண்டு பேர் பின்வாங்கி, அதுவும் ஹாட் ரூட் ஓடற அதே சந்துல போய் நிப்பாங்க. குவாட்டர்பேக் சரியா பாடம் படிச்சவரா இருந்தா நேரா அவங்க மார்புலயே வீசுவார். டிவியில பார்க்கிறவங்க "கண்ணு தெரியலையா"ன்னு திட்டுவாங்க. அவர் விதிப்படி சரியா ஆடினதாலதான் மாட்டினார்.

அப்போ பால்டிமோர் ரேவன்ஸோட டிஃபென்ஸ் கோஆர்டினேட்டரா இருந்த மைக் மெக்டொனால்ட் இதுல கைதேர்ந்தவர். 2023 அக்டோபர் 1-ல பிரவுன்ஸ் ரூக்கி டோரியன் தாம்சன்-ராபின்சன் அவர்கிட்ட மாட்டி 36-க்கு 19, 121 யார்டு, 3 இன்டர்செப்ஷன். 28-3.

செல்வி_பிளேகால்

தாம்சன்-ராபின்சன் ஆட்டத்தை இங்கே கொஞ்சம் விரித்துப் பேசலாம், எல்லாப் பாடமும் அதில் இருக்கிறது.

பிரவுன்ஸ் ஸ்டார்ட்டர் டெஷான் வாட்சனுக்குத் தோள் வலி. வாரம் முழுக்க ஆடுவாரா மாட்டாரா என்று இழுத்து, ஆட்டத்தன்று காலையில்தான் ஆடவில்லை என்று முடிவானது. அப்படியானால் திட்டம் வாட்சனுக்காகத் தீட்டியது. எந்தப் பாஸ் அவருக்குப் பிடிக்கும், எதைத் தூரமாக வீசுவார் என்பதை வைத்துத்தான் ஆட்டத் தாள் நிரம்பியிருக்கும். ரூக்கிக்கு அதில் பழக்கமான ஆட்டங்கள் எத்தனை இருந்துவிட முடியும்?

ப்ரீசீசனில் இவர் நன்றாக ஆடினார் என்பதால்தான் ஆகஸ்டில் இன்னொரு குவாட்டர்பேக் ஜோஷுவா டாப்ஸை அரிசோனாவுக்கு அனுப்பினார்கள். ப்ரீசீசனில் எதிரில் ஆடுவது பெரும்பாலும் அணியில் இடம் கிடைக்காத ஆட்கள், டிஃபென்ஸும் இரண்டு மூன்று சாதாரண கவரேஜோடு நிறுத்திக்கொள்ளும். சீசனுக்கு வைத்திருக்கும் பிளிட்ஸ் ஒன்றைக்கூட ஆகஸ்டில் காட்டமாட்டார்கள். அந்த எண்களை நம்பி இரண்டாம் ஆளைத் தேர்வு செய்வது ஆபத்து.

நவம்பர் 19-ல் அவருக்கு முழு வாரப் பயிற்சியோடு ஸ்டீலர்ஸ் ஆட்டம் கிடைத்தது. 43-க்கு 24, 165 யார்டு. அழகான ஆட்டம் இல்லை. ஆனால் கடைசி டிரைவில் (பந்து கையில் இருக்கும் ஒரு தொடர்) குட்டிக்குட்டிப் பாஸாக நகர்த்திக் கொண்டுபோய் ஃபீல்ட் கோல் தூரத்தில் நிறுத்தினார், 13-10 வெற்றி. அன்று கூப்பிட்ட ஆட்டங்கள் அவருக்கு ஏற்றவை.

ஹட்டில்_ரவி

செல்வி மேடம் சொன்ன "ஆட்டத் தாள்" பத்தி ஒரு சின்ன விளக்கம், புதுசா பார்க்கிறவங்களுக்கு.

பிளே கிளாக் 40 நொடி. முந்தின ஆட்டம் முடிஞ்சதும் ஓட ஆரம்பிக்கும். பயிற்சியாளர் ஹெல்மெட் ரேடியோவுல ஆட்டத்தைச் சொல்வார். கிளாக் 15-க்கு வந்ததும் ரேடியோ தானா அறுந்துடும். அதுக்கு மேல குவாட்டர்பேக் தனி ஆள். ஒரு ஆட்டத்தோட பேர்ல ஃபார்மேஷன், யார் நகரணும், பாதுகாப்பு எந்தப் பக்கம், ரூட்கள், எத்தனையாவது குரலுக்கு ஸ்னாப்னு பத்துப் பன்னிரண்டு சொல் இருக்கும். சில சமயம் ரெண்டு ஆட்டத்தைச் சேர்த்துச் சொல்லி, லைனுக்குப் போய் டிஃபென்ஸைப் பார்த்து ஒண்ணைத் தேர்ந்தெடுன்னு விடுவாங்க.

ஸ்டார்ட்டர் 25 நொடி இருக்கும்போதே ஹட்டிலை (கூடி நின்னு பேசுற வட்டம்) உடைச்சு லைனுக்கு வந்துடுவார். மாற்று ஆள் சொல்லை ஒருதரம் தடுமாறினா 12 நொடிக்குத்தான் லைனுக்கு வர்றார். அதுக்குள்ள ரேடியோ போச்சு. சேஃப்டி எங்க நிக்கிறான், நடு லைன்பேக்கர் யாருன்னு கை காட்டணும், சென்டர் (பந்தைக் குவாட்டர்பேக்குக்குத் தர்ற லைன்மேன்) எந்தப் பக்கம் சரியணும்னு சொல்லணும். நேரம் பத்தாம ஏதாவது ஒண்ணை விட்டுடுவார். பெரும்பாலும் விட்டுப்போறது பாதுகாப்பைத் திருப்புறதுதான். அப்புறம் சாக் வாங்கினா (வீசுறதுக்கு முன்னாடியே பந்தோட விழுந்தா) "லைன் மோசம்"னு பேசுவோம்.

கை மணிக்கட்டுல கட்டுற எண் அட்டை இதுக்குத்தான். பயிற்சியாளர் "47"னு சொன்னா போதும், அட்டையைப் பார்த்துப் படிச்சுடலாம். முதல் ஆட்டம் ஆடறவருக்கு இது கட்டாயம்னு நான் சொல்வேன்.

யாழன்

ஸ்னாப் பற்றி யாரும் பேசவில்லையே. மாற்று ஆள் பயிற்சியில் பந்து வாங்குவது பெரும்பாலும் மாற்று சென்டரிடம். முதல் சென்டரின் ஷாட்கன் ஸ்னாப் (பின்னால் தள்ளி நிற்பவருக்கு எறிவது) எவ்வளவு வேகம், எந்தப் பக்கம் சரியும் என்பது ஆட்டத்தில்தான் தெரியவரும். குரலும் அப்படியே. லைன்மேன்கள் ஸ்டார்ட்டரின் குரல் தாளத்துக்குப் பழகிப் போனவர்கள், புதுக் குரலில் இழுப்பு வேறாக இருந்தால் ஃபால்ஸ் ஸ்டார்ட் (ஸ்னாப்புக்கு முன்னே அசைந்துவிடும் தவறு), அஞ்சு யார்டு போச்சு. வெளியூர் மைதானமென்றால் குரலே கேட்காது; கார்டு (சென்டருக்குப் பக்கத்து லைன்மேன்) திரும்பிப் பார்த்து சென்டரைத் தட்டுவார், சென்டர் ஒரு கணம் விட்டு ஸ்னாப் செய்வார். அந்த இடைவெளியை மாற்றாமல் வைத்தால் எட்ஜ் ரஷர் (ஓரத்திலிருந்து குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்பவர்) நாலாவது ஸ்னாப்பிலிருந்து சரியாகப் பாய ஆரம்பிப்பார்.

பந்தும்கூட. ஒவ்வோர் அணியும் தன் பந்துகளைத் தானே பதப்படுத்துகிறது. அழுத்தம் 12.5 முதல் 13.5 பிஎஸ்ஐக்குள் இருந்தால் சரி. தோலை எவ்வளவு தேய்ப்பது என்பது ஸ்டார்ட்டர் கைக்கு ஏற்றபடி. சின்னக் கைக்காரர் திடீரென இறங்கினால் அதே பந்தோடுதான் ஆட வேண்டும்.

பஃபலோபக்கம்

அப்போ பாதுகாப்பா ஆடவிட்டா சரியாயிடுமா? ஓட்டத்தையே நம்பி ஆடினா?

செல்வி_பிளேகால்

ஆகாது. 2023 அக்டோபர் 29-ஐப் பாருங்கள், ஜயன்ட்ஸ்–ஜெட்ஸ். அப்போது ஜயன்ட்ஸில் இருந்த டைராட் டெய்லருக்கு விலா அடிபட்டு டாமி டெவீட்டோ இறங்கினார். பயிற்சியாளர்கள் அவரை வீசவே விடவில்லை. சேக்வான் பார்க்லிக்கு 36 ஓட்டம், 128 யார்டு. டெவீட்டோ 7-க்கு 2, மைனஸ் 1 யார்டு. சாக் கழித்து அணியின் மொத்தப் பாஸிங் மைனஸ் 9. அப்படியும் 10-7 முன்னிலையில் கடைசி நிமிடம் வரை வந்தார்கள். ஜயன்ட்ஸ் கிக்கர் கிரகாம் கானோ 35 யார்டு கிக்கைத் தவறவிட, ஜெட்ஸ் சமன் செய்து கூடுதல் நேரத்தில் 13-10 என முடித்தது.

இரண்டு ஃபர்ஸ்ட் டவுனுக்குப் பாஸ் கிடைத்திருந்தால் அந்த ஆட்டம் முடிந்திருக்கும். எல்லாரும் ஓட்டம்தான் என்று தெரிந்தபிறகு டிஃபென்ஸ் எட்டு, ஒன்பது பேரை முன்னால் அடைத்துவிடும்.

புதிய ஆளைக் காப்பாற்றுவதாக நினைத்து முதல் டவுன் ஓட்டம், இரண்டாம் டவுன் ஓட்டம், மூன்றாம் டவுனில் 8 யார்டு தேவைப்படும்போது "இப்போ வீசு" என்று சொல்வதுதான் நான் பார்க்கும் மிகப்பெரிய தவறு. மூன்றாம் டவுன் 8 என்பது டிஃபென்ஸின் நேரம். வேகமான ரஷர்களை உள்ளே அனுப்பி, மணி சொன்ன எல்லா மறைப்பையும் அப்போதுதான் எடுப்பார்கள். முதல் டவுனில் அப்படி முடியாது. ஓட்டத்துக்குப் பயந்து லைன்பேக்கர்கள் முன்னால் நிற்பார்கள், கவரேஜ் எளிமையாக இருக்கும். வீச வைக்க வேண்டிய நேரம் அது.

முதல் மூன்று டிரைவுக்கு என் தாளில் இருப்பவை: முதல் டவுனில் பிளே ஆக்ஷன் பூட்லெக் (ஓட்டம்போல் ஏமாற்றிவிட்டு ஒரு பக்கமாக ஓடி வீசுவது). குவாட்டர்பேக் ஒரு பக்கமாக ஓடுவதால் மைதானத்தில் பாதியைத்தான் பார்க்க வேண்டும்; ஓரமாகக் குட்டைத் தூரத்தில் ஒருவர், 10 யார்டில் ஒருவர், அதற்கும் மேலே ஒருவர். மூவரும் மூடியிருந்தால் ஓடு, இல்லையேல் வெளியே எறி. அடுத்து, மூன்று காலடி பின்வாங்கி உடனே வீசும் ஸ்லாண்ட், ஹிட்ச் போன்ற குட்டை ரூட்கள். பப்பிள் ஸ்க்ரீன் (ஓரத்து ரிசீவருக்கு உடனடிக் குட்டைப் பாஸ்) ஒன்றிரண்டு, அதிகம் வேண்டாம். முக்கியமாக, இரண்டாவது டிரைவுக்குள் ஒரு நீளமான பாஸ். பிடிபடாவிட்டாலும் பரவாயில்லை, எல்லைக்கோட்டுக்கு வெளியே விழுகிறமாதிரி. அது இல்லையென்றால் கார்னர்கள் குட்டை ரூட் மீதே உட்கார்ந்துகொள்வார்கள்.

மணி_டிஃபென்ஸ்

கடைசிப் பாயிண்டுக்கு ஆதரவு. குட்டை ரூட் மேல உட்கார்ந்த கார்னர் கையில பந்து போனா, எதிர்ல யாரும் இருக்க மாட்டாங்க, நேரா டச் டவுன். அரிசோனாவோட ரையன் லிண்ட்லி 2012 நவம்பர் 25-ல ராம்ஸுக்கு எதிரா முதல் ஸ்டார்ட்டுல 52-க்கு 31, 312 யார்டு. கேக்க நல்லா இருக்கு. ஆனா 4 இன்டர்செப்ஷன், அதுல ரெண்டை ஜனோரிஸ் ஜென்கின்ஸ் திருப்பி டச் டவுனாக்கினார். 31-17 தோல்வி, வித்தியாசம் சரியா 14.

ஓரத்துக்கு வீசற அவுட் ரூட்டை ரூக்கிகிட்ட கொடுக்கவே கூடாது. குறிப்பா தூரப் பக்கத்துக்கு. மைதானம் 53 யார்டு சொச்சம் அகலம். 10 யார்டு அவுட்னு பேர், பந்து காத்துல 30 யார்டுக்கு மேல போகணும். கொஞ்சம் தாமதமானாலும் முடிஞ்சது கதை.

கவர்மூணு

பிளேஆஃபில் இதே நிலை வந்தால் எவ்வளவு கொடுமை என்பதற்குக் கானர் குக். 2016 ரெய்டர்ஸ், 12-4 அணி. டிசம்பர் 24-ல் டெரெக் காருக்குக் கால் எலும்பு முறிவு. அடுத்த வாரம் மேட் மெக்ளோயினுக்குத் தோள். ஆகவே 2017 ஜனவரி 7-ல் ஹூஸ்டனில் குக்கின் முதல் ஸ்டார்ட்டே பிளேஆஃப். சூப்பர் போல் காலத்தில் வேறு யாருக்கும் அதுவரை அப்படி நேர்ந்ததில்லை. எதிரில் அந்த சீசனில் யார்டு கணக்கில் முதலிடம் பிடித்த டிஃபென்ஸ், இவர் பக்கமோ லெஃப்ட் டாக்கிள் டொனால்ட் பென் காயத்தால் ஆடவில்லை. 45-க்கு 18, 161 யார்டு, ஒரு டச் டவுன், 3 இன்டர்செப்ஷன், 27-14. முதல் இன்டர்செப்ஷன் ஜடேவியன் கிளவுனி லைனிலேயே கையை உயர்த்திப் பிடித்தது. பாதுகாப்பான குட்டைப் பாஸ் என்று நினைப்பதில்கூட இந்த ஆபத்து இருக்கிறது. எட்ஜ் ரஷரை யாராவது ஒரு கணம் தாழ்வாக மோதிக் கையைக் கீழே இறக்க வைக்க வேண்டும், இல்லையேல் அவர் வாலிபால் தடுப்பாளர் மாதிரி நிற்பார்.

45 பாஸ் என்பதே திட்டம் கைவிட்டுப் போனதற்கு அடையாளம்.

யாழன்

கெண்டல் ஹின்டனை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்பது என் தாழ்மையான கருத்து. 2020 நவம்பர் 29, பிராங்கோஸ்–செயின்ட்ஸ். கோவிட் தொடர்பு விதியால் ஆட்டத்துக்கு முந்தின நாள் மூன்று குவாட்டர்பேக்குகளையும் விலக்கிவிட்டார்கள், நாலாமவருக்குத் தொற்று. பயிற்சி அணியில் ரிசீவராக இருந்த, கல்லூரியில் குவாட்டர்பேக் ஆடிய ஹின்டன் வந்தார். உதவிப் பயிற்சியாளர் ஒருவரை ஆடவிடலாமா என்று அணி கேட்டது, லீக் மறுத்தது. 9-க்கு 1, 13 யார்டு, 2 இன்டர்செப்ஷன், 31-3. ஒரு நாள்கூடப் பயிற்சி இல்லாமல் களத்தில் நின்றவரின் ரேட்டிங் 0.0 என்று கேலி செய்வது அநியாயம். அவரால்தான் அந்த ஆட்டம் நடந்தது.

நாலாம்கால்

சரி, எதிர்த் திசையில் கேட்கிறேன். ரெப் இல்லாமலே ஜெயித்தவர்கள் இருக்கிறார்களே? டாப்ஸ்?

ஹட்டில்_ரவி

டாப்ஸ் கதை இந்த இழைக்கு ரொம்பப் பொருத்தம், கிளீவ்லாண்ட் விட்டுக்கொடுத்த அதே ஆள். 2023 அக்டோபர் 31-ல அரிசோனாவுலேருந்து வைக்கிங்ஸுக்கு டிரேட். நவம்பர் 5 அட்லான்டாவுல வைக்கிங்ஸ் ஸ்டார்ட்டர் ஜேரன் ஹால் முதல் குவாட்டர்லயே அடிபட்டு வெளியே. டாப்ஸ் அந்த அணியோட ஒரு ஸ்னாப்கூட எடுத்ததில்ல. சைட்லைன்ல நின்னு சென்டரோட குரல் தாளம் பழகினார். ஆரம்பம் படுமோசம்: தன் எண்ட் ஸோன்லயே சாக், எதிரணிக்கு 2 பாயிண்ட் (இதுக்கும் சேஃப்டின்னுதான் பேர்). ஃபம்பிளும் (கையிலிருந்து பந்தை நழுவவிடுறது) உண்டு. ஆனா முடிவு 30-க்கு 20, 158 யார்டு, 2 டச் டவுன், ஓடி 66 யார்டும் ஒரு டச் டவுனும். 22 நொடி இருக்கும்போது பிராண்டன் பவலுக்கு வெற்றிப் பாஸ், 31-28.

வைக்கிங்ஸ் பயிற்சியாளர் கெவின் ஓ'கானல் ரேடியோ அறுந்துபோகிற 15 நொடி வரைக்கும் பேசிட்டே இருந்தார். ஆட்டத்தோட பேர் மட்டும் இல்ல, யாரை முதல்ல பார்க்கணும், அங்க இல்லன்னா எங்க திரும்பணும்ங்கறது வரைக்கும். அது பெரிய உதவி. இன்னொண்ணு, டாப்ஸ் அந்த சீசன்ல அதுக்கு முன்னாடியே எட்டு ஸ்டார்ட் ஆடினவர். ஆட்டங்களோட பேர்தான் புதுசு, ஆட்டம் பழசு. பேக்கர் மேஃபீல்டும் அப்படியே: 2022 டிசம்பர்ல ராம்ஸுக்குச் செவ்வாய்க்கிழமை வந்து, வியாழக்கிழமை 98 யார்டு டிரைவ் நடத்தி ரெய்டர்ஸை 17-16 ஜெயிச்சார். ரெப்புக்குப் பதிலா எதையாவது வைக்க முடியும்னா அது ஆடின அனுபவம் மட்டும்தான்.

எண்கணக்கன்

அதோடு கால். டாப்ஸின் 66 யார்டு ஓட்டத்தில் பல, ரூட் மூடிய பிறகு வந்தவை. முதல் ஆட்டக்காரருக்கு ஓடத் தெரிந்தால் கவர் 0 அனுப்ப டிஃபென்ஸ் தயங்கும். பின்னால் யாருமே இல்லையே.

பஃபலோபக்கம்

அப்படிப் பார்த்தா இரண்டாம் ஆளா ரூக்கியை வைக்கிறதே தப்புன்னு வருது. 2023 பிரவுன்ஸும் கடைசியில 38 வயசு ஜோ ஃப்ளாக்கோவைக் கூட்டிட்டு வந்துதானே அஞ்சு ஆட்டத்துல 13 டச் டவுன் போட்டு பிளேஆஃப் போனாங்க.

செல்வி_பிளேகால்

பிளேஆஃபுக்குப் போட்டி போடும் அணிக்கு அனுபவசாலிதான் இரண்டாம் ஆள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ரூக்கி மூன்றாம் இடத்தில் இருக்கட்டும். 2023 ஜனவரியில் பிராக் பர்டி, ஜோஷ் ஜான்சன் இருவரும் அடிபட்டு 49ஆர்ஸ் 31-7 என ஈகிள்ஸிடம் தோற்றபின், அந்த மே மாதமே அவசர மூன்றாம் குவாட்டர்பேக் விதி வந்துவிட்டது. ஆட்டநாள் பட்டியலில் அவர் கணக்கில் வரமாட்டார். முதல் இருவரும் காயத்தாலோ வெளியேற்றப்பட்டோ ஆட முடியாதபோது மட்டும் இறங்கலாம். ஆட்டம் சரியில்லை என்று மாற்றுவதற்கு இந்த வழி கிடையாது. ஆகவே மூன்றாம் ஆளை வைத்திருப்பதன் செலவு முன்பைவிடக் குறைவு.

ரூக்கிதான் இரண்டாம் ஆள் என்று அணி முடிவெடுத்தால், வாரத்துக்கு ஒருமுறையாவது வியாழக்கிழமை மூன்றாம் டவுன் பகுதியில் முதல் லைனோடு, முதல் சென்டரோடு அவருக்கு ஒரு தொடர் கொடுக்க வேண்டும். ஸ்டார்ட்டர் அந்த நேரம் பின்னால் நின்று பார்க்கட்டும். பாதுகாப்பு திருப்பும் பொறுப்பை மாற்று ஆள் இறங்கும் நாளில் முழுசாக சென்டரிடம் கொடுத்துவிட வேண்டும். தாளில் 20 ஆட்டம் போதும். அதை வெள்ளிக்கிழமை அவரையே அடிக்கோடிட்டுத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும்.

நாலாம்கால்

அடுத்த தடவை ஒரு மாற்று ஆள் இறங்கும்போது டிவியில் எதை முதலில் பார்க்க வேண்டும்? ஸ்கோர்கார்டு தவிர.

மணி_டிஃபென்ஸ்

ஹட்டில் உடையும்போது பிளே கிளாக் எத்தனைன்னு பாருங்க. 20-க்கு மேல இருந்தா ஆள் தெளிவா இருக்கார்னு அர்த்தம். 12-க்குக் கீழ மூணு தடவை வந்துட்டா அடுத்த டிரைவுக்குள்ள ஒரு பிளிட்ஸ் வரும், டிஃபென்ஸும் அதே கிளாக்கைத்தான் பார்த்துட்டிருக்கு. அப்புறம் முதல் டவுன்ல வீச விடறாங்களான்னு எண்ணுங்க.

கவர்மூணு

கால்களையும். பின்னங்கால் ஊன்றியபின் இன்னொரு சின்னத் துள்ளல் போட்டுவிட்டு வீசினால் தாமதம். பந்து பிடிபட்டாலும் அந்தத் துள்ளலைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் குவாட்டரில் அதே ரூட்டில்தான் இன்டர்செப்ஷன் வரும்.